போனுக்குக் காட்டிய சிலேட்டு

எங்கள் வீட்டில் சுவரில் படம் மாட்டும் வழக்கம் இல்லை. உருவப்படம் இருக்கும் வீட்டுக்குள் வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். காலண்டரில்கூட பள்ளிவாசல் படம்தான் இருக்கும். கல்யாண ஆல்பம் பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடக்கும். என் மகள் பிறந்து நாற்பது நாள் முடிந்ததும் அவள் அப்பா, எங்கள் பேச்சில் அத்தா, சவுதிக்கு விமானம் ஏறினார். அங்கே ஒரு மளிகைக் கடையில் வேலை. இரண்டு வருஷத்தில் லீவு என்றார்கள். லீவு வந்த நேரம் பார்த்து அவர் தங்கைக்குக் கல்யாணம் கூடி வந்தது. கல்யாணத்துக்குப் பணம் வந்தது, ஆள் வரவில்லை.

ஆகவே என் மகளுக்கு அத்தா என்றால் வெள்ளிக்கிழமை போன்தான். முன்னறை ஜன்னலோரம் ஒரு ஸ்டூல், அதன்மேல் நான் பின்னிய லேஸ் துணி, அதன்மேல் சிவப்பு போன். அங்கே ஜும்மா தொழுகை முடிந்ததும் அவர் கூப்பிடுவார். இங்கே அப்போது சாயங்காலத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம் இருக்கும். மகள் விரலை நீட்டிப் பேர் கேட்கும் வயது வந்தபோது, எல்லாத் தாய்மாரும் செய்வதுபோல நானும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். இது கதவு, இது சொம்பு, அது காக்கா. ‘அத்தா எங்கே?’ என்று கேட்பேன். ‘இதோ அத்தா!’ என்று நானே போனைக் காட்டுவேன். அவளும் காட்டுவாள். வீட்டுக்கு வந்தவர்கள், “அத்தா மேல எம்மாம் பாசம் பாரேன்!” என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். எனக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும்.

கடல் உள்ளே வந்த அந்த டிசம்பரில் எங்கள் தெருவரைக்கும் தண்ணீர் வரவில்லை. ஆனாலும் ஊரே ஓடியது, நாங்களும் ஓடினோம். கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் பிரம்மதேசம் கிராமத்தில் தெரிந்தவர் வீட்டில் சில நாள் தங்கியிருந்தோம். மகளுக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. சோறு வேண்டாம், பால் வேண்டாம், ஒரே அழுகை. “அத்தாவ வுட்டுட்டு வந்துட்டோம்மா! அத்தா தனியா இருக்காங்கம்மா!” என்று கதறினாள். அந்த வீட்டுப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடல் தாண்டி இருக்கும் தகப்பனை நினைத்து இந்தப் பிஞ்சு எப்படி ஏங்குகிறது என்று பேசிக்கொண்டார்கள். நானும் சேர்ந்து அழுதேன். ஊர் திரும்பிக் கதவைத் திறந்ததும் அவள் நேரே ஓடிப்போய் போனை லேஸ் துணியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். அலைக்குப் பயந்த பிள்ளை, கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொள்கிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஜூனில் மெயின் ரோட்டு நர்சரி ஸ்கூலில் எல்.கே.ஜி. சேர்த்தேன். நான் பத்தாவதோடு நின்றவள். நின்றேன் என்பதைவிட நிறுத்தினார்கள் என்பதுதான் சரி, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் மகள் விஷயத்தில் நான் கொஞ்சம் வெறி பிடித்தவள்தான். சாயங்காலம் தெருப்பிள்ளைகள் விளையாடும்போது என் மகள் மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாரம் முழுக்கப் பாடம், வெள்ளிக்கிழமை பரீட்சை, பரீட்சை வைப்பவர் அத்தா. “ஒழுங்கா எழுதுடீ, அத்தா கேப்பாங்க” என்று சொன்னால் போதும், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவாள்.

வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் ஸலாம் சொல்லுவாள். ரைம்ஸ் சொல்லுவாள். மருதாணி வைத்திருந்தால் ரிசீவருக்கு முன்னால் கையை விரித்துக் காட்டுவாள். பிறகு சிலேட்டை எடுத்து, பேசும் ஓட்டைகளுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, “நல்லாருக்கா அத்தா?” என்பாள். அந்தப் பக்கத்திலிருந்து அவர், “மாஷா அல்லாஹ்! ரொம்ப அழகா எழுதியிருக்கம்மா!” என்பார். அவர் வேறென்ன சொல்வார், பாவம்.

அதில் எனக்கு ஒரு தலைவலியும் இருந்தது. மகள் மூன்றாம் எண்ணை எப்போதும் திருப்பித்தான் எழுதுவாள். வயிறு இந்தப் பக்கம் இருக்க வேண்டியது அந்தப் பக்கம் இருக்கும். கையைப் பிடித்து எழுதவைத்தேன், அதட்டினேன், ஒரு தரம் தொடையில் கிள்ளியும்விட்டேன். “அத்தா அழகாருக்குன்னு சொல்லிட்டாங்க” என்பாள். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

பொங்கல் லீவு முடிந்ததும் மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். அனுமந்தையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் பெண். வயது குறைவு, குரலில் மட்டும் ஹெட்மாஸ்டர் தோரணை.

“கோச்சிக்காதீங்க பாப்பா அம்மா. மனப்பாடம் எல்லாம் நல்லா சொல்றா. ஆனா சில விஷயம் எத்தினி வாட்டி சொன்னாலும் உள்ள போவ மாட்டேங்குது. கொஞ்சம் ஸ்லோவா இருக்கா. இப்படியே இருந்தா யூ.கே.ஜி.க்கு அனுப்ப முடியாது, இன்னொரு வருஷம் இங்கயே உக்காரட்டும்.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. “யாரு ஸ்லோ? எம் புள்ளையா? ஒங்களுக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியலன்னு சொல்லுங்க!”

மிஸ் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். மகளைப் பக்கத்தில் நிறுத்தி, படம் போட்ட அட்டைகளை எடுத்தாள். முதல் அட்டையில் மீசை வைத்த ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “யாரும்மா இது?”

“மாமா” என்றாள் மகள்.

“ஃபாதர். நீ வீட்ல எப்படிக் கூப்பிடுவ? அத்தா. சொல்லு, அத்தா.”

“மாமா.”

மிஸ் இன்னும் சில அட்டைகளைத் தள்ளிவிட்டு ஒன்றை நிமிர்த்தினாள். அதில் ஒரு டெலிபோன். என் மகள் முகத்தில் வெளிச்சம் வந்தது. “அத்தா!” என்றாள், கையைத் தட்டிக்கொண்டு.

“தினமும் இதான்” என்றாள் மிஸ். “அடம் புடிக்கிறாளா, நெஜமாவே புரியலையான்னே எனக்குத் தெரியல.”

சண்டை போட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். பிரம்மதேசத்தில் அவள் அழுத அழுகை காதில் கேட்டது. தனியாக இருக்கிறார் என்று அழுதாளே, அது ஸ்டூல்மேல் விட்டுவந்த போனுக்காக. சவுதியில் இருக்கும் ஒரு மனிதருக்காக அவள் எப்படி அழ முடியும்? அப்படி ஒருவர் இருப்பதே அவளுக்குத் தெரியாதே!

நான் போனைக் காட்டிச் சொல்லிக்கொடுத்த கதையை மிஸ்ஸிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை. அட்டைகளை அடுக்கிக்கொண்டே, “அப்போ அவ ஸ்லோ இல்லீங்க. நீங்க சொல்லிக் குடுத்தத சரியாத்தான் படிச்சிருக்கா” என்றாள். அந்த வார்த்தை என்னை அடித்துப்போட்டது.

திரும்பி வரும் வழியில் ரோட்டோரமாக உப்பு அம்பாரம் புதிதாக ஏறத் தொடங்கியிருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். உப்பு அள்ளும் பெண் ஒருத்தி சும்மாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “என்னாச்சு பாய் வூட்டம்மா?” என்று கேட்டாள். என்ன சொல்ல? என் புருஷனை என் பிள்ளைக்கு டெலிபோனாக ஆக்கிவிட்டேன் என்றா சொல்ல முடியும்? வெயில் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆல்பத்தை இழுத்துப் போட்டேன். அதில் பார்த்தால் மாப்பிள்ளையின் முகம் முழுக்கப் பூச்சரம் தொங்குகிறது, மூக்கு நுனிகூடத் தெரியவில்லை. கடைசியில் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ அகப்பட்டது. “இதான் அத்தா” என்று நீட்டினேன். மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “போம்மா, இது மாமா” என்றாள். வெள்ளிக்கிழமை போனில் அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘ஜவுளிக்கடையில் பிள்ளைக்கு கவுன் பார்த்தேன், எந்த அளவு எடுக்கட்டும்?’ என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மார்ச்சில் லீவு கிடைத்துவிட்டதாம். இதற்காகத்தானே நாலு வருஷமாக துஆ கேட்டேன், இப்போது கவுன் அளவை மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரை மகளிடம் நீட்டினேன்.

அவர் வந்து இறங்கிய அன்று வீடு கொள்ளாத கூட்டம். அத்தர் வாசனை, பெட்டி, சாக்லேட். தாடி வைத்திருந்தார், உடம்பு இளைத்திருந்தது. எல்லாரையும் விலக்கிக்கொண்டு மகளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். கையில் அவள் உயரத்துக்கு ஒரு பொம்மை. அவள் என் புடவைக்குப் பின்னாலிருந்து வந்து பொம்மையை வாங்கிக்கொண்டாள். நான் பழக்கியிருந்த மரியாதைப்படி, “தேங்க்ஸ் மாமா” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் கை மட்டும் பொம்மையைக் கொடுத்த இடத்திலேயே நீட்டியபடி இருந்தது.

“பழகலல்ல, அதான். ரெண்டு நாள்ல ஒட்டிக்கும்” என்றாள் என் நாத்தனார். அவர் லீவை விட்டு அனுப்பிய பணத்தில் கல்யாணம் நடந்த அதே தங்கைதான். எதிர்வரிசையில் மளிகைக்கடை வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டு, தெருவைத் தாண்டி எங்கள் வீட்டு விஷயங்களை விசாரிப்பதே வேலையாக இருப்பவள்.

ஒட்டவில்லை. அவர் தொட்டால் நழுவினாள். அவர் தட்டில் பிசைந்து நீட்டிய கவளத்துக்கு வாயை மூடிக்கொண்டாள். அன்றிரவே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். “நீ என்னா பண்ணுவ” என்றார், அவ்வளவுதான்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அவர் ஜும்மா தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, முன்னறையில் பாயில் சாய்ந்திருந்தார். மகள் முகம் கழுவி, தலை வாரி, சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்து ஸ்டூலுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பாய் அகலம்தான் இருந்தது. அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா, நாந்தாம்மா அத்தா” என்றார்.

“இல்ல. அத்தா இப்ப பேசுவாங்க.”

மணி அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? அவள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். லேஸ் துணியைச் சரிசெய்தாள். பாங்கு சொல்லிவிட்டார்கள். அவள் உதடு பிதுங்கியது. “அத்தாவுக்கு என்னம்மா ஆச்சு? என்மேல கோவமா?” என்று என்னைக் கேட்டுவிட்டு, சத்தம் வராமல் அழுதாள். நானும் அந்த அறையில்தான் நின்றேன். யா அல்லாஹ், அந்த நேரத்தை எந்தத் தாய்க்கும் கொடுக்காதே.

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தொழப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் போன் மணி அடித்தது. எடுத்தேன். “பாப்பாகிட்ட குடு” என்றார். நாத்தனார் கடை வாசலில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் மஞ்சள் போன் ஒன்று இருந்தது, அதிலிருந்து பேசினார்.

மகள் துள்ளிக்கொண்டு வாங்கினாள். ஸலாம் சொன்னாள், ரைம்ஸ் சொன்னாள், சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அத்தா, நம்ம வீட்டுக்கு ஒரு மாமா வந்திருக்காங்க. பொம்ம குடுத்தாங்க. அவங்க எப்ப அத்தா போவாங்க?” என்றாள்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தவர் கிணற்றடியில் நெடுநேரம் முகம் கழுவினார். துண்டைக் கொடுக்கப் போனபோது பார்த்தேன், அழுதுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மகளை ஸ்கூலில் விட்டதும் மிஸ்ஸிடம் போனேன். இந்த முறை எனக்குச் சண்டைபோடத் தெம்பில்லை. “என்னா பண்றதுன்னு சொல்லுங்க மிஸ். அவரு லீவு ஓடிட்டிருக்கு” என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “எங்க ஊர் பசங்க, அப்பா போட்ல போறதயும் பாக்குது, வர்றதயும் பாக்குது. அதுங்களுக்கு அப்பா யாருன்னு யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல. ஒங்க பாப்பா ரெண்டையும் பாக்கலயே. இனிமே அத்தா அத்தான்னு வாயால சொல்லிக் குடுக்காதீங்க, வுட்டுடுங்க. அவரு பேசறப்ப அவ பாக்கணும். அவ்ளோதான் எனக்குத் தோணுது.”

எங்கள் ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே அந்த மஞ்சள் போன் தெரியும். அன்று மத்தியானமே ஆரம்பித்தோம். அவர் கடை வாசலில் நின்று பேசினார். மகளை ஸ்டூல் பக்கத்தில் ஒரு முக்காலிமேல் ஏற்றி ஜன்னலைப் பார்க்க நிற்கவைத்தேன். நான் எதையும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் போனில் பேசிக்கொண்டே வெளியே பார்த்தாள். அங்கே அந்த மாமாவின் வாய் அசைந்தது, இங்கே காதில் அத்தாவின் குரல் வந்தது. சட்டென்று ரிசீவரைப் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடிவிட்டாள்.

மறுநாளும் பேசினார். அதற்கு மறுநாளும் பேசினார். அவள் ஜன்னல் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு பேசப் பழகினாள். நாத்தனார் வந்து, “அண்ணி, சொந்த வூட்டுக்கு எதுர்லயே நின்னு அண்ணன் போன் போட்டுட்டு இருக்குது, தெருவே சிரிக்குது” என்றாள். “சிரிக்கட்டும்டி. பல்லு சுளுக்கிக்கப் போவுது, பாத்து சிரிக்கச் சொல்லு” என்றேன்.

ஒருநாள் மகள் வழக்கம்போல ஒன்று, இரண்டு, மூன்று எழுதி முடித்தாள். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சிலேட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். தூக்கும்போது உடம்பு திரும்பிவிட்டது, சிலேட்டு ஜன்னல் கம்பிக்கு நேராக நின்றது. “நல்லாருக்கா அத்தா?”

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

“ஒண்ணு நல்லாருக்கு. ரெண்டு நல்லாருக்கு. மூணு மட்டும் அந்தப் பக்கமா திரும்பி உக்காந்திருக்கும்மா.”

மகள் அசையவில்லை. சிலேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். மூன்று திரும்பித்தான் இருந்தது. இத்தனை நாளும் அழகு அழகு என்று மட்டும் சொன்ன அத்தா, முதல்முறையாகத் தப்பைக் கண்டுபிடித்திருக்கிறார். பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது என்று அந்த வயதுப் பிள்ளைக்குக்கூட விளங்கியிருக்க வேண்டும். மெதுவாக ஜன்னலைப் பார்த்தாள். அவர் ரிசீவரைப் பிடித்தபடி இன்னொரு கையால் காற்றில் பெரிதாக மூன்று எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார், கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்க.

அவள் ரிசீவரை ஒழுங்காக வைத்தாள். முக்காலியிலிருந்து இறங்கினாள். சிலேட்டோடு வாசலுக்குப் போய்ப் படியில் நின்றுகொண்டு தெருவுக்குக் குறுக்கே கேட்டாள். “அத்தா?”

அவர் மஞ்சள் போனைத் தொங்கவிட்டுவிட்டு ஓடிவந்தார். வந்தவர் அவளைத் தூக்கவில்லை, பயந்துவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ. படியில் உட்கார்ந்து சிலேட்டைக் கேட்டார். அவள் கொடுத்தாள். எச்சில் தொட்டு மூன்றை அழித்துவிட்டு, அவள் விரலைப் பிடித்துச் சரியாக எழுதவைத்தார். நான் உள்ளே போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுது தீர்த்தேன்.

அதன்பிறகு நான் பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் சைக்கிளில் உப்பளப் பக்கம் போவார்கள். வெங்காயம் உரிப்பார்கள். உளுந்தில் கல் பொறுக்குவார்கள், அதில் எண்ணிக்கை தானாக வந்தது. ஸ்கூல் வருஷக் கடைசியில் மிஸ் என்னையும் வரச்சொல்லி, அவர்கள் இருவரையும் உட்காரவைத்து மீசைக்காரர் அட்டையைக் காட்டினாள். மகள் யோசித்துவிட்டு, “இது அத்தா இல்ல மிஸ். அத்தாவுக்குத் தாடி இருக்கு” என்றாள். டெலிபோன் அட்டையைக் காட்டினாள். “போன்” என்றாள் மகள். மிஸ் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். யூ.கே.ஜி.க்கு அனுப்பினார்கள்.

மே மாதம் அவர் லீவு முடிந்தது. வேன் ஏறும்போது மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. விரல் விரலாகப் பிரித்துத்தான் வாங்கினேன். இந்த முறை அவர் போவதை அவள் பார்த்தாள். வேன் திருப்பத்தில் மறையும்வரைக்கும் பார்த்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே நேரத்துக்கு மணி அடித்தது. மகள் தரையில் குப்புறப் படுத்துச் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. நான் ரிசீவரை எடுத்துக்கொண்டு, ஒயர் வந்தமட்டும் அவள் பக்கத்தில் கொண்டுபோனேன். “பாப்பா, அத்தாடா. அத்தா பேசறாங்க, வா.”

“அது அத்தா இல்லம்மா” என்றாள் எழுதிக்கொண்டே. “அது போனு. அத்தா வேன்ல போயிட்டாங்க.”

அவருக்கு அது கேட்டுவிட்டது.

“சரியாத்தானே சொல்றா” என்றார். “வற்புறுத்தாத. என்னா எழுதுறா? பாத்துச் சொல்லு.”

குனிந்து பார்த்தேன். “ஒண்ணு, ரெண்டு, மூணுதாங்க.”

“மூணு எப்படி இருக்கு?”

“நேரா இருக்குங்க” என்றேன்.